பெயரைத் தொடாமல் ஊரைக் கணக்கெடுப்பது எப்படி? டெல்டா கிராமங்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஊரில் ஒரு கணக்கெடுப்பு நடத்தலாம் என்று விவசாய சங்கத்திலோ கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டத்திலோ முடிவானதும் முதலில் நடப்பது, யாரோ எதற்கோ பயன்படுத்திய படிவம் ஒன்றை ஜெராக்ஸ் எடுப்பதுதான். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, சாதி, ஆதார், குடும்ப அட்டை எண், செல் நம்பர், மாடு எத்தனை, கழிப்பறை உண்டா என்று அறுபது கேள்வி இருக்கும். வீட்டுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். கடைசியில் கட்டுக்கட்டாகப் படிவம் சேர்ந்திருக்கும். எதைத் தெரிந்துகொள்ளக் கிளம்பினோமோ அதற்கு மட்டும் பதில் இருக்காது.

இந்த வழிகாட்டி அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்கிறது. முதலில் கேள்வி, பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் காலி அட்டவணை, அதன் பிறகுதான் படிவம். அட்டவணையில் இடமில்லாத எந்த விவரத்தையும் யாரிடமும் கேட்பதில்லை.

விளக்குவதற்கு ஒரே உதாரணத்தைக் கடைசி வரை எடுத்துக்கொள்வோம். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எந்தப் பக்கத்து ஊரானாலும் பொருந்தக்கூடிய உதாரணம்: வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவர்கள் சம்பாப் பயிருக்கு இன்சூரன்ஸ் செய்தார்களா, செய்யாதவர்கள் எந்த இடத்தில் நின்றுபோனார்கள்? இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. எழுத்தில் இல்லாத குத்தகைக்கு உழுபவருக்குத் தான் குத்தகைதாரர் என்ற செய்தியே ஆபத்தான விவரம். அது நில உரிமையாளரின் காதுக்கு வேறு மாதிரி போனால் அடுத்த பருவத்துக்கு நிலம் இல்லை. 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், குத்தகையைப் பதிவு செய்வதற்கான 1969-ஆம் ஆண்டுச் சட்டமும் இருந்தும் வாய்மொழிக் குத்தகை தொடர்வதே இந்தப் பயத்தின் அளவைச் சொல்லும்.

படி 1: கேள்வியை ஒரு வாக்கியத்தில் எழுதி, காலி அட்டவணை போடுங்கள்

"விவசாயிகளின் நிலையை அறிதல்" என்பது கேள்வி ஆகாது. "கடந்த சம்பாவில் இந்த வருவாய்க் கிராமத்தில், குத்தகை நிலத்தில் எத்தனை சதவீதத்துக்கு இன்சூரன்ஸ் இல்லை, சொந்த நிலத்தில் எத்தனை, இல்லாததற்கு முதல் காரணம் என்ன?" இதுதான் கேள்வி. பருவம், இடம், யார், எது என்ற நான்கும் இதில் இருக்கின்றன.

வருவாய்க் கிராமம் என்று குறிப்பிடுவது முக்கியம். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தமிழ்நாட்டில் சம்பா நெல்லுக்கு இழப்பு கணக்கிடும் அலகு அதுதான். ஊராட்சியின் எல்லை வேறு, வருவாய்க் கிராமத்தின் எல்லை வேறு. வீடு ஓர் ஊரிலும் நிலம் வாய்க்காலுக்கு அப்பால் பக்கத்து வருவாய்க் கிராமத்திலும் இருப்பது டெல்டாவில் சர்வ சாதாரணம். எனவே வீட்டைக் கணக்கெடுத்தாலும் நிலம் இருக்கும் வருவாய்க் கிராமத்தின் பெயரைத் தனியே கேட்க வேண்டும்.

இப்போது ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம்: சொந்த நிலம், குத்தகை நிலம். மேலே: இன்சூரன்ஸ் உண்டு, இல்லை. கீழே இன்னொரு கட்டம்: இல்லை என்றவர்களுக்கு நின்றுபோன காரணங்கள். எண்கள் இல்லாத இந்தத் தாளை வைத்துக்கொண்டு, "இதில் எண்கள் நிரம்பினால் நாம் என்ன செய்வோம்?" என்று குழுவில் எல்லோரையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் கணக்கெடுப்பை ஒத்திப்போடுவது நல்லது.

படி 2: படிவத்திலிருந்து வெட்டுங்கள்

ஆதார் எண் வேண்டாம். இன்சூரன்ஸ் பதிவுக்கு அது வேண்டும். இன்சூரன்ஸ் பதிவைப் பற்றிய கணக்கெடுப்புக்கு வேண்டாம். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

பிறந்த தேதிக்குப் பதில் "40-க்குக் கீழ், 40 முதல் 60, 60-க்கு மேல்" போதும். ஒரு சின்ன ஊரில் பிறந்த தேதியும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்தால் ஆளைச் சொல்லிவிடலாம், பெயரே தேவையில்லை.

சர்வே எண் வேண்டாம். அது நிலத்தின் ஆதார் எண் மாதிரி. இணையத்தில் பட்டாவைத் தேடி உரிமையாளர் பெயரை எடுத்துவிடலாம்.

நில உரிமையாளர் பெயர் கூடவே கூடாது. அவர் உங்களிடம் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொருவர் வாயிலிருந்து அவரைப் பற்றிய விவரத்தைப் பிடுங்குகிறீர்கள். நிலத்தின் வகை போதும்: தனியார், கோயில் அல்லது மடம், உறவினர்.

தெருப்பெயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பலரும் சாதிக் கேள்வியை எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். அடுத்த கட்டத்திலேயே "தெரு" என்று இருக்கும். நம் ஊர்களில் தெருப்பெயரைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. தெருக்களுக்கு 11, 12, 13 என்று எண் கொடுத்து, எந்த எண் எந்தத் தெரு என்ற சீட்டைக் குழுத் தலைவர் மட்டும் வைத்திருக்கட்டும். சாதி வாரியாகத் தெரிந்துகொள்வதே உங்கள் கேள்வி என்றால் அதை நேராக, காரணம் சொல்லிக் கேளுங்கள். மறைமுகமாகச் சேர்ந்துவிடுவதுதான் கெடுதல்.

செல் நம்பர் மறுசரிபார்ப்புக்கு உதவும் என்பார்கள். வீட்டு எண்ணை வைத்தே திரும்பப் போகலாம், அதுவே போதும்.

நல்ல படிவம் ஏ4 தாளின் ஒரு பக்கத்தில் முடியும். இந்த உதாரணத்துக்குப் பதினான்கு கேள்விக்கு மேல் தேவைப்படாது. 15 நிமிஷத்துக்குள் முடிகிறதா என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். 20 தாண்டினால் கடைசிக் கேள்விகளுக்கு "ஆமாம் ஆமாம்" என்றே பதில் வரும். அடுப்பில் உலை கொதிக்கும்போது யாரும் யோசித்துப் பதில் சொல்ல மாட்டார்கள்.

படி 3: எப்போது போவது

சம்பா அறுவடை தை, மாசியில். தாளடி பங்குனி வரை இழுக்கும். அடுத்து உளுந்து, பயறு பிடுங்கும் வேலை. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தால் குறுவை வேலை தொடங்கிவிடும். ஆகவே சித்திரையும் வைகாசியின் முதல் பாதியும்தான் வாய்ப்பான காலம். காலை 7-க்கு முன்னும் மாலை 5-க்குப் பின்னும் ஆள் வீட்டில் இருப்பார்கள். நடுப்பகலில் போனால் முதியவர்களின் பதில்தான் கிடைக்கும். நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் அத்தனை பேரும் விடுபட்டுப்போவார்கள், எண்ணும் ஒரு பக்கமாகச் சாயும்.

சித்திரையில் கேட்பதில் ஒரு சிக்கல்: நவம்பரில் நடந்ததை இந்த ஐந்தாறு மாதத்துக்குள் மறந்திருப்பார்கள். "எந்தத் தேதியில் பதிவு செய்தீர்கள்?" என்றால் வாய்க்கு வந்த தேதி வரும். சம்பா பதிவுக்கு வழக்கமான கடைசி நாள் நவம்பர் 15. அது ஐப்பசியின் முடிவு. எனவே "ஐப்பசி கடைசிக்குள்ளயா, கார்த்திகை பொறந்த பிறகா?" என்று கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள். மயிலாடுதுறைப் பக்கம் இன்னும் எளிது: ஐப்பசி கடைசி நாளில் காவிரியின் துலாக்கட்டத்தில் கடைமுக நீராடல். "கடைமுகத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" போதும். அந்த ஆண்டு கடைசித் தேதி நீட்டிக்கப்பட்டதா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: வீட்டுப் பட்டியலும் மாதிரியும்

ரேஷன் அட்டைப் பட்டியலையோ வாக்காளர் பட்டியலையோ வாங்கி அதில் பேர் பொறுக்குவது சுலபம்தான். இரண்டு காரணங்களுக்காக வேண்டாம். ஒன்று, அவை வேறு நோக்கத்துக்காகச் சேர்ந்த விவரங்கள். இரண்டு, அவற்றில் இல்லாத ஆட்கள் உண்டு, திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போய்ப் பல வருஷமானவர்கள் இன்னும் அதில் இருப்பார்கள். நடந்து போய், சாக்பீஸால் வாசல் ஓரத்தில் எண் போட்டு, நீங்களே பட்டியல் எடுங்கள். மாதாகோயில் தெருவோ குளத்துமேடோ ஒதுக்குப்புறமான குடியிருப்புகள் விடுபடாமலிருக்க ஊர் எல்லையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு ஆரம்பியுங்கள்.

பட்டியல் எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி: "போன சம்பாவுக்குச் சாகுபடி பண்ணீங்களா?" சொந்தமா குத்தகையா என்று வாசலில் நின்று கேட்காதீர்கள், பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஆள் இருப்பார்.

600 வீட்டில் 240 வீடு சாகுபடி வீடு என்று வைத்துக்கொள்வோம் (இங்கே வரும் எண்கள் எல்லாம் விளக்கத்துக்காகப் போட்டவை). பெரிய ஊர்களுக்குச் சொல்லப்படும் 384 என்ற மாதிரி அளவு இங்கே தேவையில்லை. ஊர் சிறிதாக இருந்தால் திருத்தம் செய்யலாம்: 384-ஐ, (1 + 383/240)-ஆல் வகுத்தால் 148. அதாவது 148 வீடு எடுத்தால், நமக்குக் கிடைக்கும் சதவீதத்துக்கும் ஊரின் உண்மையான சதவீதத்துக்கும் இடையே 95 சதவீத நம்பகத்தோடு இருபுறமும் 5 புள்ளி வித்தியாசம் இருக்கலாம். 10 புள்ளி வித்தியாசம் பரவாயில்லை என்றால் 69 வீடு போதும். நடைமுறையில் ஒரு வீடு விட்டு ஒரு வீடு, மொத்தம் 120 என்று எடுப்பது வசதி. வித்தியாசம் 6 புள்ளி சொச்சம். முதல் வீடா இரண்டாம் வீடா என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள்.

ஆனால் இந்த 6 புள்ளி மொத்தத்துக்குத்தான். 120-ல் குத்தகை உழுபவர்கள் 60 என்றால் அவர்களைப் பற்றிய எண்ணுக்கு வித்தியாசம் 9 புள்ளிக்குப் போய்விடும். அதையும் தெரு வாரியாகப் பிரித்தால் ஒன்றும் மிஞ்சாது. எத்தனை பிரிவாக உடைக்கப்போகிறீர்கள் என்பதை முன்பே யோசிக்கச் சொல்வது இதனால்தான்.

பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டுக்குள் நுழைவது பெரும்பாலான கணக்கெடுப்புகளைக் கெடுக்கும் தவறு. வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும் குடும்பங்களே கணக்கில் ஏறும். மூன்று வெவ்வேறு நேரங்களில் போய்ப் பாருங்கள்; பிறகும் இல்லையென்றால் "கிடைக்கவில்லை" என்று எழுதி விட்டுவிடுங்கள். அந்த எண்ணிக்கையை அறிக்கையில் சொல்லுங்கள்.

படி 5: ஒப்புதல்

பஞ்சாயத்துத் தலைவரிடமும் ஊர் நாட்டாண்மையிடமும் சொல்லிவிட்டுத் தொடங்குவது மரியாதை. அது வீட்டுக்காரரின் ஒப்புதல் ஆகாது. அவர்களில் யாராவது "நானும் கூட வர்றேன்" என்றால் பணிவாகத் தவிர்த்துவிடுங்கள். அவர் நிற்கும் வாசலில் பதில் வேறாகத்தான் வரும்.

வாசலில் சொல்ல வேண்டியதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தமிழில் படித்துக் காட்டினால் யாருக்கும் ஏறாது:

"வணக்கம்க்கா. நாங்க விவசாய சங்கத்துலேர்ந்து வர்றோம். போன சம்பாவுக்கு யாருக்கெல்லாம் இன்சூரன்ஸ் கிடைக்காமப் போச்சு, ஏன் போச்சுன்னு தெரிஞ்சுக்கக் கேக்குறோம். பேரு எழுத மாட்டோம், ஆதார் கேக்க மாட்டோம், போட்டோ எடுக்க மாட்டோம். ஒரு கால்மணி நேரம் ஆவும். இதுனால உங்களுக்கு நிவாரணமோ பணமோ வராது. புடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேணாம். நடுவுல போதும்னாலும் நிறுத்திடலாம். ஆடி மாசக் கடைசியில முடிவை ஊர்லயே சொல்லுவோம். கேக்கலாமாக்கா?"

"நிவாரணம் வராது" என்ற வரியைத்தான் எல்லோரும் முழுங்குவார்கள். அதை விட்டால் இரண்டு தெரு தாண்டுவதற்குள் செய்தி பரவி, ஆட்கள் பட்டா நகலும் வங்கிப் புத்தகமும் தூக்கிக்கொண்டு உங்களைத் தேடி வருவார்கள். கஜா புயலுக்குப் பிறகு பழகிய ஊர்கள் இவை. நோட்டோடு வரும் ஆளைப் பார்த்தால் நிவாரணக் கணக்கு என்றுதான் நினைப்பார்கள். பாதிப்பைக் கூட்டிச் சொல்வதும், ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிந்து நிற்பதும் அப்போதுதான் தொடங்கும்.

கையெழுத்து வாங்குவதா? எங்கள் கருத்தில் இங்கே வேண்டாம். வாய்மொழிக் குத்தகைதாரரின் கையெழுத்தோடு ஒரு தாள் இருப்பது அவருக்குத்தான் ஆபத்து. "ஒப்புதல் பெற்றேன்" என்று கணக்கெடுப்பவர் வீட்டு எண்ணுக்கு எதிரே தேதியோடு கையொப்பமிட்டால் போதும். 18 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் மட்டும் வீட்டில் இருந்தால் ஒன்றும் கேட்காமல் திரும்பிவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல் உள்ளிட்ட பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். தாளில் எழுதிப் பிறகு கணினியில் ஏற்றும் விவரத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் பெறும் உரிமை உண்டு. பாதுகாக்கத் தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்கு இருக்கிறது; ஆனால் அந்த விவரத்தை வைத்துத் தனி ஒருவரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. இந்த நிபந்தனையைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் படியில் வேலை இருக்கிறது.

படி 6: கேள்விகளை அமைப்பது

யாரைக் கேட்பது? "குடும்பத் தலைவர்" என்று படிவம் சொல்லும். பதிவுக்கு அலைந்தவர் யாரோ அவரைக் கேளுங்கள்: "அடங்கலுக்கும் சொசைட்டிக்கும் யாரு அலைஞ்சது?" (அடங்கல் என்பது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர், அதாவது வி.ஏ.ஓ., வைத்திருக்கும் பதிவு; சொசைட்டி, கூட்டுறவுக் கடன் சங்கம்.) பல வீடுகளில் பதில், மனைவி.

ஒரே குடும்பம் ஓர் ஏக்கர் சொந்தமாகவும் இரண்டு ஏக்கர் குத்தகையாகவும் உழும். "நீங்கள் சொந்த நில விவசாயியா, குத்தகைதாரரா?" என்ற கேள்வி அங்கே நொறுங்கிவிடும். படிவத்தில் சொந்த நிலத்துக்கு ஒரு வரி, குத்தகை நிலத்துக்கு ஒரு வரி வையுங்கள். இரண்டுக்கும் இன்சூரன்ஸ் கேள்வி தனித்தனியாக.

அளவுகளை அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள், அங்கேயே மாற்றாதீர்கள். 100 குழி ஒரு மா, 3 மா ஏறக்குறைய ஓர் ஏக்கர் (ஒரு மா 33 சென்ட்), 20 மா ஒரு வேலி. "அஞ்சு" என்று மட்டும் எழுதி வந்தால் அது மாவா ஏக்கரா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. மூன்று மடங்கு பிழை. மூட்டைக்கும் அதே கதி. வீட்டுக் கணக்கில் 60 கிலோ மூட்டை என்பார்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம். எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுதாத படிவத்தைக் குழுத் தலைவர் அன்று மாலையே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"வி.ஏ.ஓ. அடங்கல் தராததால்தானே இன்சூரன்ஸ் செய்யவில்லை?" இப்படிக் கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். மாறாக, "இன்சூரன்ஸ் கட்டணும்னு கிளம்புனீங்களா? எதுவரைக்கும் போனீங்க?" என்று கதையாகச் சொல்ல விட்டு, நீங்கள் குறியீடு போடுங்கள்: 1 கடைசித் தேதி தெரியவில்லை, 2 அடங்கல் கிடைக்கவில்லை, 3 சிட்டா நகல் உரிமையாளர் தரவில்லை, 4 உரிமையாளரே தன் பெயரில் கட்டிவிட்டார், 5 பிரீமியத்துக்குக் கையில் பணமில்லை, 6 கட்டியும் பயனில்லை என்று விட்டார், 7 வேறு. நான்காவதை முதலில் யாரும் யோசிப்பதில்லை, முன்சோதனையில்தான் தலைகாட்டும். பக்கத்து ஊரில் பத்து வீட்டில் முன்சோதனை செய்யாமல் படிவத்தை அச்சடிக்காதீர்கள்.

படி 7: வாய்விட்டுச் சொல்ல முடியாத பதிலுக்குப் பகடை

"இந்தப் பருவத்தில் ஏதாவது அலுவலகத்தில் கட்டணத்துக்கு மேல் பணம் கொடுக்க வேண்டி வந்ததா?" நேராகக் கேட்டால் "அதெல்லாம் இல்லீங்க" என்பார்கள். நாளைக்கும் அந்த வாசலில்தானே நிற்க வேண்டும்.

இதற்கு 1965-ல் ஸ்டான்லி வார்னர் என்ற புள்ளியியலாளர் ஒரு வழி சொன்னார். அதன் எளிய வடிவம்: ஒரு லூடோ பகடையும் ஒரு டம்ளரும். பதில் சொல்பவர் டம்ளருக்குள் குலுக்கி, தான் மட்டும் பார்ப்பார். கணக்கெடுப்பவர் திரும்பி நிற்பார். 1 விழுந்தால் உண்மை எதுவானாலும் "ஆமாம்" என்று சொல்ல வேண்டும். 6 விழுந்தால் "இல்லை". 2, 3, 4, 5 விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். "ஆமாம்" என்று ஒருவர் சொன்னால் அது பகடையா உண்மையா என்று உங்களுக்கும் தெரியாது, படிவத்தைத் திருடியவருக்கும் தெரியாது.

ஊர் மொத்தத்துக்கு மட்டும் கணக்கு வரும். 120 பேரில் பகடை சொல்லவைத்த "ஆமாம்" 20 இருக்கும், "இல்லை" 20 இருக்கும். உண்மை பேசியவர்கள் 80. மொத்தம் 52 "ஆமாம்" வந்தால் 52-ல் 20 போக 32. 80-ல் 32 என்றால் 40 சதவீதம். விலையும் உண்டு: இருபுறமும் வித்தியாசம் சுமார் 13 புள்ளி, நேரடிக் கேள்வியைவிட அதிகம். தனி ஒரு வீட்டின் பதிலுக்கு அர்த்தமே கிடையாது. அதனால் இந்த முறையை ஒரே ஒரு கேள்விக்கு, அதிகம் போனால் இரண்டுக்கு வையுங்கள்.

எங்கே பிசகும்? 1 விழுந்தவர் "நான் குடுக்கலியே, எதுக்குப் பொய் சொல்லணும்" என்று "இல்லை" என்றுவிடுவார். இது உண்மையான அளவைக் குறைத்துக் காட்டும். முதலில் "இன்னைக்குக் காலையில காப்பி குடிச்சீங்களா?" போன்ற ஒன்றுமில்லாத கேள்விக்கு இரண்டு முறை பழக்கிவிட்டு அசல் கேள்விக்கு வாருங்கள். பகடையைத் தொடவே மனமில்லாதவர்கள் இருப்பார்கள். வற்புறுத்தாமல் அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்.

படி 8: வாசலில்

இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. கூட்டம் கூடினால், "கடைசியா வர்றோம்" என்று நகர்ந்துவிடுங்கள். டீக்கடையில் வைத்து மிச்சப் படிவத்தை நிரப்புவது கூடாது.

போனில் நிரப்புவதானால் கோபோ டூல்பாக்ஸ், ஓடிகே போன்ற செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன; சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும், தமிழில் கேள்வி வைக்கலாம். ஆனால் படிவம் அமைக்கும்போது இடக்குறிப்பு (ஜி.பி.எஸ்.), போன் அடையாள எண் ஆகியவற்றைப் பதியும் வசதியை நிறுத்திவிடுங்கள். சில மீட்டர் துல்லியத்தில் இடம் பதிந்தால் அது முகவரி. தொடங்கிய, முடிந்த நேரம் மட்டும் இருக்கட்டும். நான்கு நிமிஷத்தில் முடிந்த படிவம் மரத்தடியில் நிரப்பியது என்று தெரிந்துவிடும். நிரப்பிய படிவத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதை முதல் நாளே தடை செய்யுங்கள். எத்தனை போனில் தங்கும் என்பதற்குக் கணக்கே இல்லை.

படி 9: பூட்டு

இரண்டு நோட்டு. முதலாவதில் வரிசை எண்ணும் எந்தத் தெரு எந்த வீடு என்பதும். இரண்டாவதில், அதாவது படிவக் கட்டில், வரிசை எண்ணும் பதில்களும். இரண்டும் ஒரே பையில் போகக் கூடாது, ஒரே ஆளின் வீட்டில் இரவு தங்கக் கூடாது. எக்செலில் பெயரோ வீட்டு எண்ணோ உள்ள பத்தியை மறைத்துவைப்பது அழித்ததாகாது. ஒரே சொடுக்கில் திரும்ப வரும். முதலிலிருந்தே தனிக் கோப்பு, கடவுச்சொல். தானாகவே கூகுள் டிரைவில் ஏற்றும் வசதி அந்த மடிக்கணினியில் இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

தாள்களைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடாதீர்கள். நிரப்பிய படிவத்தில் வடை மடித்துக் கொடுக்கும் கடை டெல்டாவில் எந்தக் கடைத்தெருவிலும் இருக்கும்.

படி 10: சரிபார்த்து எண்ணுதல்

பத்தில் ஒரு வீட்டுக்கு வேறொருவர் திரும்பப் போய் மூன்று கேள்வி மட்டும் கேட்டு ஒப்பிட வேண்டும். "பதில் இல்லை", "தெரியாது", "பூஜ்யம்" மூன்றும் வேறு வேறு. மூன்றையும் காலிக் கட்டமாக விட்டால் சராசரி பாழாகும். குத்தகை நிலம் 10 ஏக்கருக்கு மேல் வந்தால் மா-ஏக்கர் குழப்பமா என்று பாருங்கள்.

காலி அட்டவணைக்கு வருவோம். படிவங்களில் குத்தகை நிலத்துக்கான வரிகள் 60-ல் இன்சூரன்ஸ் இல்லாதவை 33, அதாவது 55 சதவீதம். சொந்த நிலத்துக்கான வரிகள் 75-ல் 15, அதாவது 20 சதவீதம். இரண்டும் கூட்டினால் 135 வருவது பிழை அல்ல. 15 வீடு இரண்டு வரியிலும் இருக்கிறது. வித்தியாசத்தைச் சேர்த்தால் முதலாவது 46 முதல் 64 வரை, இரண்டாவது 14 முதல் 26 வரை. ஒன்றின் எல்லை மற்றதைத் தொடவில்லை, ஆகவே குத்தகை நிலம் பின்தங்கியிருக்கிறது என்று துணிந்து எழுதலாம். "குத்தகை என்பதால்தான்" என்று எழுத, காரணக் கட்டத்தைப் பார்த்தாக வேண்டும்.

வெளியிடும்போது 5-க்குக் குறைவான எண் உள்ள கட்டத்தைக் காட்டாதீர்கள். குத்தகை நிலத்துக்கான வரிகள் 60-ஐ நிலத்தின் வகைப்படி பிரித்தால் தனியார் 41, கோயில் அல்லது மடம் 16, உறவினர் 3 என்று வருகிறது. அந்த 3 யார் என்று ஊரே சொல்லும். 3-ஐ மட்டும் அழித்துவிட்டு 60, 41, 16 என்று அச்சிட்டால் கழித்துப் பார்க்கக் கால் நிமிஷம் ஆகாது. உறவினர் நிலத்தைத் தனியாரோடு சேர்த்து 44 என்று போடுங்கள். திறந்த பதில்களை மேற்கோளாகப் போடுவதிலும் கவனம்: "கணவர் சிங்கப்பூரில், மூன்று மா கோயில் நிலம்" என்றால் பெயரைச் சொன்னது போலத்தான்.

படி 11: முடிவைச் சொல்வதும், பட்டியலைக் கேட்டால் மறுப்பதும்

ஆகஸ்ட் 15 கிராம சபை இதற்குச் சரியான நாள். சம்பா பதிவு தொடங்குவதற்கு முன்பு வந்துவிடுகிறது. ஒரே தாள், மூன்று எண், ஒரு கோரிக்கை. காரணங்களில் அடங்கல் கிடைக்காதது முதலிடம் என்றால், பதிவுக் காலத்தில் ஊரிலேயே முகாம் வைத்து உழுபவரின் பெயருக்கே சாகுபடிச் சான்று தரும்படி தீர்மானம் போடலாம். கடைசித் தேதி தெரியாதது முதலிடம் என்றால் அது சங்கமே தண்டோரா போட்டுத் தீர்க்கக்கூடிய வேலை.

எண்களைப் பார்த்ததும் யாராவது ஒருவர், பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு, கேட்பார்: "அந்த 33 பேர் யாருன்னு பட்டியல் குடுங்க, இந்த வருஷம் சேர்த்துவிட்டுடலாம்." கொடுக்காதீர்கள். விவரம் தந்தவர்கள் ஒப்புக்கொண்டது எண்ணுவதற்கு. ஆளைச் சேர்ப்பது தனி ஒருவரைப் பற்றிய முடிவு, படி 5-ல் பார்த்த விலக்கு அந்த நிமிஷமே போய்விடும். அதோடு, அந்தப் பட்டியல் எந்த மேஜையில் கிடந்தாலும் அது வாய்மொழிக் குத்தகைதாரர்களின் பட்டியல். உதவ நினைப்பவரிடம் முகாம் நடக்கும் நாளையும் இடத்தையும் கேட்டு வாங்கி, 600 வீட்டுக்கும் துண்டுச் சீட்டு கொடுங்கள். வர விரும்பியவர் தானே வந்து, தன் பெயரைத் தானே சொல்லட்டும்.

கிராம சபை முடிந்த பதினைந்து நாளுக்குள் வீட்டு எண் நோட்டை இரண்டு பேர் முன்னிலையில் கிழித்துத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கரைத்துவிட்டு, தேதியைக் கூட்டப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். கணினிக் கோப்பை அழித்தால் குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள், கணக்கெடுத்தவர்களின் போன்களையும் ஒரு முறை வாங்கிப் பாருங்கள்.